கடலடித் தளத்தை வாசிப்பது எப்படி? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

அரியலூர்ப் பக்கம் தொல்லுயிர்ப் படிவம் தேடி முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் குனிந்து, கண்ணில் பட்ட முதல் சிப்பியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த கணமே அது சொல்ல வந்ததில் பாதி போய்விடுகிறது. அந்தச் சிப்பி கவிழ்ந்து கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், அடியில் இருந்தது சேறா, இறுகிய பாறையா? இவையெல்லாம் சிப்பியில் இல்லை. அது கிடந்த தளத்தில், அதாவது இன்று பாறையாகிவிட்ட பழைய கடலடியில், இருக்கின்றன.

ஆகவே இந்த வழிகாட்டியில் படிவத்துக்குப் பெயர் வைப்பது கடைசியில்தான் வருகிறது. முதலில் தளம், பிறகு கிடை (படிவம் கிடக்கும் விதம்), அதன் பிறகே பெயர். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

1. புறப்படும் முன்

காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டிருக்கும், புல்லும் காயத் தொடங்கியிருக்கும். சித்திரை வெயிலில் வெள்ளைக் கல்லின் மேல் மணிக்கணக்கில் குனிந்து நிற்க முடியாது.

அனுமதி: நல்ல தளங்கள் பலவும் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில்தான் வெளிப்பட்டிருக்கின்றன. சுரங்க மேலாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். அனுமதி வாங்கும்போதே வெடி வைக்கும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட குழிகளில் காவலுக்கு ஆள் இல்லை என்பதால் அவை பாதுகாப்பானவை என்று எண்ணிவிட வேண்டாம். செங்குத்துச் சுவர்களில் தளர்ந்த கற்கள் தொங்கிக்கொண்டிருக்கும், அடியில் ஆழமான நீர் நிற்கும். சுவரின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி நில்லுங்கள்.

கைப்பொருள்கள்: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், திசைகாட்டி, சாய்வுமானி, நூல், நான்கு ஆணிகள், ஸ்கேல், மென்மையான பெயிண்ட் தூரிகை, தண்ணீர் தெளிப்பான், பென்சில், கட்டம் போட்ட நோட்டு. பேனா வேண்டாம், வியர்வை பட்டால் மை கரைந்துவிடும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுப் புட்டியில் கொஞ்சம். தலைக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

சுத்தியல் பையிலேயே இருக்கட்டும். முதல் நாளில் அதற்கு வேலை இல்லை.

2. எந்தக் கடலில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் கடல் ஒரே ஒரு முறை வந்து போகவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மிக மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய கடலிலிருந்து புதிய கடலுக்கு வந்து சேர்வீர்கள்.

மேற்கு ஓரத்தில், பழைய படிகப் பாறைகளை ஒட்டி ஊட்டத்தூர்த் தொகுதி என்னும் பாறை அடுக்குகள். கல்லக்குடிப் பக்கத்துப் பவளமும் பாசியும் கலந்த சுண்ணாம்புக்கல்லும், காரைக்கு அருகே ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கும் களிமண் பூமியும் இதைச் சேர்ந்தவை. அடுத்தது திருச்சிராப்பள்ளித் தொகுதி. மெருகிட்டால் சிப்பிகள் பளபளக்கும் கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் இங்கேதான். அதன் பிறகு அரியலூர்த் தொகுதி, கிழக்கே நினியூர்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது அரியலூர்த் தொகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் இன்னும் நிலத்தில் உலாவிய காலம் அது. சிப்பிகள் இவ்வளவு நெருக்கமாக, கற்றுக்கொள்பவருக்கு இவ்வளவு வசதியாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வயது ஏன் முதலிலேயே தெரிய வேண்டும்? பின்னால் வரும் பிழைகளைப் பிடிக்க அது உதவும். நினியூர் அடுக்குகள் டைனோசர்களும், சுருள் ஓட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளும் அழிந்த பிறகு படிந்தவை. அங்கே ஓர் அம்மோனைட் கிடைத்ததாக நோட்டில் எழுதியிருந்தால், பெயரோ இடமோ தவறு, அல்லது அது வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த கல்.

3. அது உண்மையிலேயே கடலடிதானா?

புதியவர்கள் மிக அதிகமாக இடறும் இடம் இதுதான். சுரங்கத்தில் தட்டையாகத் தெரியும் தரையெல்லாம் பழைய கடலடி அல்ல. பொக்லைன் வெட்டிய படித்தளம் அடுக்குகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

சோதனை எளிது. மண்டியிட்டு அமர்ந்து சிப்பிகளைப் பாருங்கள். அவை முழு வடிவத்தில், தரையோடு தரையாகப் படுத்திருந்தால் அது அடுக்குத் தளம். அரைவட்டக் கோடுகளாக, நகம் வெட்டிப் போட்டதுபோல் வரிவரியாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது வெட்டுமுகம். சந்தேகம் தீரவில்லை என்றால் அருகிலுள்ள சுவரைப் பாருங்கள். சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கும் ஒரு வரியைப் பிடித்து, இரண்டு சுவர்களில் தொடர்ந்து பாருங்கள். அந்த வரி எந்தச் சாய்வில் போகிறதோ அதுவே கடலடியின் சாய்வு. அதை அளந்து எழுதுங்கள்.

அடுத்த கேள்வி: கல் தன் இடத்தில் இருக்கிறதா, உதிரியா? சரிவில் கிடப்பது மேலிருந்து உருண்டு வந்தது. காரைப் பக்கம் சரிவெங்கும் பெலம்னைட்டுகள் என்னும் குண்டு வடிவப் படிவங்கள் சிதறிக் கிடக்கும். அவை அழகானவை, ஆனால் பல அடுக்குகளிலிருந்து மழை கொண்டுவந்து கலந்தவை. உதிரியிலிருந்து பெயர் கற்கலாம், கிடையைக் கற்க முடியாது. பாறைக்குள் பாதியாவது பதிந்திருப்பதை மட்டுமே இனிவரும் படிகளுக்குக் கணக்கில் எடுங்கள்.

4. மேல் பக்கம் எது?

வெடியில் சரிந்த பெரும் பலகைக்கல் தலைகீழாகக் கிடக்கலாம். அதை அறியாமல் அளந்தால், கவிழ்ந்ததெல்லாம் மல்லாந்ததாக மாறிவிடும். ஒரு நாள் உழைப்பு முழுவதும் எதிர்ப்பதமாகிவிடும்.

இதற்கு இயற்கையே ஒரு ரசமட்டம் வைத்திருக்கிறது. மூடிய சிப்பியோ நத்தையோ உடைந்து உள்ளே தெரியும் இடத்தைத் தேடுங்கள். சில ஓடுகளுக்குள் பாதிவரை சேறு இறங்கி இறுகியிருக்கும். மீதி வெற்றிடத்தில் பின்னாளில் வெண்மையான கால்சைட் படிகம் வளர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு அன்றைய கிடைமட்டம், படிகம் இருக்கும் பக்கம் வானம். கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் இதைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், மூன்று நான்கு ஓடுகள் ஒரே பதில் சொல்ல வேண்டும்.

5. துடைப்பதும் நனைப்பதும்

தூரிகையால் மண்ணை மட்டும் தட்டுங்கள். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். காற்றும் மழையும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் மெல்லக் கரைத்து எடுத்துக்காட்டியதை அது ஒரே இழுப்பில் சுரண்டிவிடும். புதிதாக உடைத்த முகத்தைவிடப் பழைய முகத்தில்தான் அதிகம் தெரியும் என்பதும் இதனால்தான். சுத்தியலைப் பையில் வைக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

முதலில் உலர்ந்த நிலையில், காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். சாய்ந்த ஒளியில் மேடுபள்ளம் துல்லியமாகத் தெரியும். அதன் பிறகே நீர் தெளித்து மறுபடி எடுங்கள். நனைந்த கல்லில் நிற வேறுபாடு எழுந்து நிற்கும், மேடுபள்ளம் மங்கிவிடும். முதலில் நனைத்துவிட்டால் காயும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும்.

6. சதுரம் போடுங்கள்

ஆணிகளும் நூலும் கொண்டு 50 செ.மீ. பக்கமுள்ள சதுரம். வெடிப்புகளில் ஆணியைச் செருகுங்கள், கல்லில் அடிக்காதீர்கள். வடதிசையைக் குறித்து, ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள்.

சதுரத்தை எங்கே போடுவது? நல்ல சிப்பிகள் இருக்கும் இடத்தில் போடத்தான் கை போகும். அதைத் தடுங்கள். தளத்தின் ஒரு மூலையில் தொடங்கி, ஐந்து காலடி வைத்து ஒரு சதுரம், மறுபடி ஐந்து காலடி, மறுபடி ஒன்று. சிப்பியே இல்லாத சதுரமும் ஒரு பதிவுதான். அழகான இடங்களை மட்டும் அளந்தால், அந்தக் கடலில் சிப்பி எங்கும் நிறைந்திருந்தது என்ற பொய்யான முடிவுக்கு வருவீர்கள்.

7. ஓடுகள் கிடக்கும் விதம்

இனி நிதானமாக இருங்கள். முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு ஓட்டுக்கும் மூன்று கேள்விகள். தனி ஓடா, இரண்டும் சேர்ந்த இணையா? கவிழ்ந்ததா, மல்லாந்ததா, செங்குத்தா? உடைந்ததா, முழுமையா? நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக் கோடு கோடாக இட்டுக்கொண்டே போங்கள்.

கவிழ்ந்த தனி ஓடு நீரோட்டத்தின் கைவேலை. எந்தக் கடற்கரையிலும் அலை வந்து போகும் விளிம்பில் பாருங்கள், ஓடுகளில் பெரும்பகுதி கவிழ்ந்த கிண்ணம்போல்தான் கிடக்கும். மல்லாந்த ஓட்டின் விளிம்பில் நீர் முட்டினால் அது புரண்டுவிடும், கவிழ்ந்த பிறகு நீர் அதன் முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எனவே கவிழ்ந்தவை மிகுதி என்றால் தரையில் ஓட்டம் இருந்திருக்கிறது. மல்லாந்தவை மிகுதி என்றால் அமைதியான நீரில் மெல்ல இறங்கியிருக்கலாம், அல்லது சேற்றைக் கிளறும் உயிர்கள் புரட்டியிருக்கலாம்.

இணையாகக் கிடக்கும் சிப்பி வேறு கதை. சிப்பி செத்ததும் கீலிலுள்ள நார் ஓட்டைத் திறக்கவே பார்க்கும். சதை அழுகியதும் இரண்டும் விலகிப் பிரியும். இன்னும் மூடியே இருக்கிறது என்றால், பிரிவதற்குள் புதைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் இந்த விதியை, சிப்பிபோல் இரண்டு ஓடுகள் கொண்ட வேறோர் இனமான பிராக்கியோபாடுகளுக்குப் பொருத்திவிடாதீர்கள். கல்லங்குறிச்சியில் அவையும் உண்டு. அவற்றில் ஓட்டின் பல் மறு ஓட்டின் குழியில் மாட்டியிருப்பதால் செத்த பிறகும் மூடியே கிடக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: பிராக்கியோபாடின் ஓட்டை நடுவே மேலிருந்து கீழாகப் பிளந்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும். சிப்பியில் பெரும்பாலும் அப்படி இருக்காது.

கிரிஃபியா என்னும் சிப்பியில் இந்தப் படி மிக நன்றாக விளங்கும். கல்லங்குறிச்சியின் மேல்பகுதியில் அவை குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ஒரு ஓடு கனத்த, ஆழமான கிண்ணம். அதன் நுனி உள்நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருக்கும். மற்றது ஏறக்குறையத் தட்டையான மூடி. உயிரோடு இருந்தபோது கிண்ணம் அடியில் சேற்றில் அமர்ந்திருக்கும், மூடி மேலே. அந்த நிலையிலேயே இணையாகக் கிடந்தால், அது வாழ்ந்த இடமும் செத்த இடமும் நீங்கள் மண்டியிட்டிருக்கும் அதே இடம்தான். முதல் முறை அப்படி ஒன்றைக் கண்டபோது வெகுநேரம் நான் அங்கிருந்து எழவே இல்லை.

ஓட்டின் உள்பக்கம் தெரிந்தால் கைலென்ஸால் பாருங்கள். பிரையோசோவா என்னும் மிகச் சிறு விலங்குகளின் கூட்டம் சல்லடை விரித்தாற்போல் ஒட்டியிருக்கலாம், சிறு சிப்பிகளும் ஒட்டியிருக்கலாம். வெளிப்புறத்தில் ஒட்டியவை சிப்பி உயிரோடு இருந்தபோதே குடியேறியிருக்க முடியும். உட்புறத்தில் அது நடக்காது, அங்கே சதை இருந்தது. ஆக, உள்ளே குடியிருப்பு இருந்தால் அந்த ஓடு காலியாகி, புதையாமல், கடலடியில் திறந்து கிடந்த காலம் ஒன்று உண்டு.

8. துளைகளைப் படியுங்கள்: சேறா, பாறையா?

தளத்தில் துளைகள் இருந்தால் ஒரே கேள்வி: துளை எதையெல்லாம் வெட்டிக்கொண்டு போகிறது?

துளை சிப்பிகளை ஒதுக்கியோ தள்ளியோ வளைந்து போயிருந்தால், தோண்டியபோது அது சேறு. இறால் இனத்து உயிர்கள் தோண்டிய வளைகள் ஒய் வடிவில் கிளைபிரிந்து போகும், விளிம்பு மழுங்கியிருக்கும்.

துளையின் விளிம்பு கூர்மையாக இருந்து, சிப்பியையும் அதைச் சுற்றியிருக்கும் கல்லையும் ஒரே கோட்டில் அறுத்துக்கொண்டு போயிருந்தால், அன்றே அந்தக் கடலடி பாறையாக இறுகிவிட்டது. கல் துளைக்கும் சிப்பிகளின் துளை வாய் குறுகி, வயிறு பருத்த குடுவைபோல் இருக்கும். அப்படி இறுக வேண்டுமென்றால் புதுச்சேறு வந்து மூடாமல் தளம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்திருக்க வேண்டும். கற்பலகைகளுக்கு நடுவே இல்லாமல் போன காலத்துக்கு இந்தத் துளைகளே சாட்சி.

துளை சிப்பியில் மட்டும் இருந்து கல்லில் தொடரவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். ஓடு இயல்பாகவே கடினமானது, துளைக்கும் கடற்பஞ்சுகளுக்கு அதுவே போதும். சுற்றிலும் இருந்தது சேறாகவே இருந்திருக்கலாம்.

ஏமாற்றும் துளைகளும் உண்டு. வெடி வைக்கத் துளையிட்ட குழிகள் நேராக, ஒரே அகலத்தில், ஒழுங்கான இடைவெளியில் இருக்கும். மழைநீர் கரைத்த குழிகளுக்கு ஒழுங்கே இருக்காது, உள்ளே செம்மண் நிறைந்திருக்கும். வேர் புகுந்த வழிகள் கீழே போகப்போக மெலியும்.

9. திசை அளப்பது

நீளமான படிவங்கள் இருந்தால் மட்டும் இந்தப் படி. காரைக் களிமண்ணில் உதிராமல் பதிந்திருக்கும் பெலம்னைட்டுகள் இதற்கு ஏற்றவை. கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. துப்பாக்கிக் குண்டு வடிவம், தேன் நிறம். உடைந்த முகத்தில் நடுப்புள்ளியிலிருந்து நார்கள் எல்லாப் பக்கமும் விரிந்திருக்கும், சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டியதுபோல.

குறைந்தது 30 ஓடுகளின் கூர்முனை எந்தத் திசையைக் காட்டுகிறது என்று திசைகாட்டியால் அளந்து எழுதுங்கள். ஐந்தாறை அளந்துவிட்டு நீரோட்டத்தின் திசையைச் சொல்வது சரியல்ல, தற்செயலாகவே அவை ஒத்துப்போகலாம். ஒரே கோட்டில் படுத்து முனைகள் இரு பக்கமும் சரிபாதியாக இருந்தால், அலை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கலாம், அல்லது ஓடுகள் உருண்டு வந்து அப்படி நின்றிருக்கலாம். அப்போது கோட்டை மட்டும் எழுதுங்கள், திசையை எழுதாதீர்கள்.

10. இப்போது பெயர்

கல்லங்குறிச்சியில் அடிக்கடி காண்பவை: கிரிஃபியா, இனோசெரமஸ் என்னும் இன்னொரு சிப்பி, விளிம்பு அரிவாள் பல்போல் நெளிந்த சிப்பிகள், பிராக்கியோபாடுகள், பிரையோசோவா, ஐந்து இதழ்ப் பூ பொறித்தாற்போன்ற கடல் முள்ளெலியான ஸ்டிக்மடோபைகஸ். கைலென்ஸில் பருப்புபோல் தெரிபவை ஆர்பிடாய்ட்ஸ், ஒரே உயிரணுவால் ஆன உயிர்கள்.

பெயரிடுவதில் நடக்கும் நான்கு தவறுகள்:

இனோசெரமஸ் ஓட்டின் உடைந்த துண்டு நெருக்கமாக நிறுத்திய குச்சிகள்போல் இருக்கும். காரைக் களிமண்ணில் ஓடும் ஜிப்சம் நரம்பும் நார்நாராகவே இருக்கும். பலரும் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுகிறார்கள். நகத்தால் கீறுங்கள், ஜிப்சத்தில் கோடு விழும், இனோசெரமஸில் விழாது. ஒரு சிறு சில்லில் அமிலச் சொட்டு விடுங்கள், இனோசெரமஸ் நுரைத்துப் பொங்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். நல்ல படிவத்தின் மேல் அமிலம் விடக் கூடாது.

மண்ணில் உருளும் சுக்கான்கல் பிற்காலத்தில் மண்ணுக்குள்ளேயே உருவானது. அதுவும் அமிலத்தில் பொங்கும். உள்ளே ஓட்டின் அமைப்பு எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வெடிப்பு முகங்களில் பெரணி இலைபோல் படர்ந்த கருங்கோடுகள் செடி அல்ல. நீர் கொண்டுவந்த மாங்கனீசு படிந்த கறை.

உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டை அல்ல. களிமண்ணில் தாதுக்கள் ஒரு மையத்தைச் சுற்றி இறுகி உருவான கற்கோளங்களே பெரும்பாலும் அப்படி அழைக்கப்படுகின்றன. சிலவற்றின் நடுவே அம்மோனைட் இருக்கும், முட்டை ஓடு இருக்காது. செய்தி பரப்பும் முன் புவியியல் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பெயரில் ஐயம் இருந்தால் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே போகும்போது உங்கள் படங்களைக் கொண்டுபோங்கள், கற்களை அல்ல.

11. தளத்திலேயே விளக்கம் எழுதுங்கள்

வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஐயம் வந்தால் திரும்பிப் பார்க்கத் தளம் எதிரிலேயே இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு சதுரத்தில் கிரிஃபியாவின் தனி ஓடுகள் பெரும்பாலும் கவிழ்ந்தவை, சில இணைகள் கிண்ணம் அடியிலாக நிற்கின்றன, சில ஓடுகளின் உட்புறம் பிரையோசோவா, கல்லை அறுக்கும் துளை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியது இது: சிப்பிகள் இங்கேயே வாழ்ந்தன. ஓட்டம் தனி ஓடுகளைக் கவிழ்த்தது. சில ஓடுகள் புதையாமல் கிடந்தன. தளம் பாறையாக இறுகியதற்குச் சான்று இல்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அருகில் அதற்கான எண்ணிக்கையை எழுதுங்கள். ‘ஆழமற்ற கடல்’ என்று எழுத ஆசை வரும். சூரிய ஒளி தேவைப்படும் பாசியோ பவளமோ அந்தத் தளத்தில் கிடைத்தால் எழுதுங்கள், கல்லக்குடிப் பவளச் சுண்ணாம்புக்கல்லில் அது பொருந்தும். சிப்பியை மட்டும் வைத்து ஆழம் சொல்ல முடியாது.

12. எடுப்பது கடைசி

அனுமதி இருந்தால், ஏற்கெனவே உதிர்ந்ததிலிருந்து ஒன்றிரண்டு. தளத்தில் பதிந்ததைப் பெயர்க்காதீர்கள். நாளை வருபவருக்கும் அது அதே நிலையில் கிடைக்க வேண்டும். சாத்தனூர்க் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூடத் தொடக் கூடாது.

எடுத்த உடனே, அந்த இடத்திலேயே சீட்டு எழுதுங்கள்: நாள், இடத்தின் ஜிபிஎஸ் எண், அடுக்கு, சதுர எண், உதிரியா பதிந்ததா, எடுத்தவர் பெயர். சீட்டும் படிவமும் ஒரே பையில். மாலையில் எழுதலாம் என்று பத்துக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், இரவில் மேசை மேல் கொட்டும்போது எது எங்கே கிடந்தது என்று சொல்ல ஆளிருக்காது. சதுரத்தின் நூலை அவிழ்த்து, ஆணிகளை எண்ணி எடுத்த பிறகு எழுந்திருங்கள்.